மும்பையில் குறைந்த வட்டி பல்லடம் ரோட்டுக்கு வந்த கதை

2017 அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, நாளிதழிலிருந்து வெட்டிய செய்தித் துண்டு ஒன்றைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு எங்கள் வங்கிக் கிளைக்குப் போனேன். திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் வழியில் ஆறு நிட்டிங் இயந்திரங்கள் வைத்திருக்கிறேன். ஏற்றுமதி நிறுவனங்களுக்குக் கூலிக்குத் துணி ஓட்டிக் கொடுப்பதும், சொந்தமாக நூல் வாங்கித் துணியாக்கி உள்நாட்டு பனியன் கம்பெனிகளுக்கு விற்பதும் என் தொழில். அந்த இயந்திரங்களில் நான்கை 2014 தொடக்கத்தில் 48 லட்சம் ரூபாய் காலக்கடனில் வாங்கினேன். அப்போது மும்பையில் இருக்கும் ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 8 சதவீதம், என் கடனுக்கு 12.75 சதவீதம். செய்தித் துண்டு வந்த நாளில் ரெப்போ 6 சதவீதம். என் கடனோ 12 சதவீதத்தில் நின்றது. மும்பையில் இரண்டு சதவீதம் குறைந்ததில் முக்கால் சதவீதம் மட்டுமே என் பாஸ்புக்குக்கு வந்திருந்தது. மீதி ஒன்றேகால் சதவீதம் வழியில் எங்கே தங்கிவிட்டது என்று கேட்கத்தான் போனேன்.

மேலாளர் மரியாதையாகவே பேசினார். "உங்க லோன் பேஸ் ரேட்ல இருக்குதுங்க. இப்ப வர்றவங்களுக்கு எம்.சி.எல்.ஆர். நீங்க எழுதிக் கொடுத்தா மாத்திக் குடுத்தறலாம்" என்றார். "ஏனுங்க சார், ஒன்றரை வருசமா இது இருக்குதுன்னா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே?" என்று கேட்டேன். "நீங்க கேக்கலீங்களே" என்றார். கோபம் வந்தது உண்மைதான். ஆனால் அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. மூன்றே முக்கால் ஆண்டுகளாகக் கடன் அனுமதிக் கடிதத்தைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தேனே தவிர, கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு ஒருமுறைகூட எடுத்துப் படித்ததில்லை. அந்த நாளுக்குப் பின் எனக்கு ஏற்பட்ட பிடிவாதத்தில் பணம், வட்டி, ரிசர்வ் வங்கி ஆகியவை எப்படி இயங்குகின்றன என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொள்ளக் கொடுத்த விலையையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பணம் எங்கே பிறக்கிறது என்பதைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணமே தவறாக இருந்தது. பொதுமக்கள் போடும் டெபாசிட்டை எடுத்துத்தான் வங்கி நமக்குக் கடன் கொடுக்கிறது, அந்த டெபாசிட்டுக்கான நோட்டையெல்லாம் ரிசர்வ் வங்கி அடித்து அனுப்புகிறது என்றுதான் நினைத்திருந்தேன். இதைத் திருத்திக்கொள்ள எனக்கு உதவியது, என் அப்பாருவை, அதாவது தாத்தாவைப் பற்றி வீட்டில் சொல்லப்படும் ஒரு செய்தி. அவர் மஞ்சள் வெள்ளாமை செய்தவர். ஈரோட்டில் ஒரு மண்டியில் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, விலை ஏறும்வரை விற்காமல் காத்திருப்பார். இடையில் வீட்டில் ஒரு சீர் வந்தால், மண்டிக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பார். அந்தச் சீட்டைக் கொடுத்து ஜவுளிக்கடையில் துணி எடுப்பார் அப்பாரு. ஜவுளிக்கடைக்காரர் அதை உடனே காசாக்க மாட்டாராம். தான் யாருக்கோ கொடுக்க வேண்டிய பாக்கிக்கு அதே சீட்டைத் தள்ளிவிடுவாராம். ஒரு ரூபாய்கூடக் கைமாறாமல், மண்டிக்காரரின் கையெழுத்து மூன்று பேருடைய கணக்கைத் தீர்த்திருக்கிறது. அவர் தன் பேரேட்டில் எழுதிய ஒரு வரிதான் அங்கே பணமாக இருந்தது.

வங்கி செய்வதும் பெரும்பாலும் இதுவே. என் 48 லட்சம் அனுமதிக்கப்பட்ட நாளில் யாருடைய டெபாசிட்டும் குறையவில்லை. வங்கி தன் கணக்கில் இரண்டு வரிகள் எழுதியது: ஒரு பக்கம் நான் திருப்பித் தர வேண்டிய கடன், மறு பக்கம் என் பெயரில் இருப்பு. அந்த இருப்பு புதிதாகப் பிறந்த பணம். நான் தவணை கட்டக் கட்ட, அசலுக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் அதே பேரேட்டில் மறைந்துபோகிறது. நாட்டில் புழங்கும் பணத்தின் பெரும்பகுதி இப்படி வணிக வங்கிகளின் பேரேடுகளில் பிறந்து சாவதுதான். நோட்டும் காசும் அதில் சிறு பகுதி.

அப்படியானால் வங்கி தன் விருப்பப்படி எழுதிக்கொண்டே போகலாமே என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் ரிசர்வ் வங்கி வருகிறது. இயந்திரம் விற்றவருக்குக் கணக்கு கோவையில் வேறொரு வங்கியில் இருந்தது. என் வங்கி எழுதிய வரியை அந்த வங்கி அப்படியே ஏற்றுக்கொள்ளாது. ஒவ்வொரு வங்கிக்கும் ரிசர்வ் வங்கியில் ஒரு கணக்கு உண்டு. நான் ஆர்.டி.ஜி.எஸ். மூலம் பணம் அனுப்பிய நொடியில் என் வங்கியின் கணக்கில் அந்தத் தொகை குறைந்து, அவர் வங்கியின் கணக்கில் கூடியது. மண்டிக்காரர்கள் எல்லோரும் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ள அவர்களுக்கு மேலே ஒரு பெரிய மண்டி இருந்தால் எப்படியோ, அப்படி. அந்தப் பெரிய மண்டியில் எழுதும் பணத்தை ரிசர்வ் வங்கியைத் தவிர வேறு யாராலும் உருவாக்க முடியாது. மேலும் தன்னிடம் உள்ள டெபாசிட்டில் குறிப்பிட்ட சதவீதத்தை வங்கி எப்போதும் அந்தக் கணக்கில் வைத்திருக்க வேண்டும். நான் கடன் வாங்கியபோது அது 4 சதவீதம். இந்தக் கட்டாயமும், போதிய சொந்த மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும், அனுப்பிய பணம் அடுத்த வங்கிக்குப் போய்விடும் என்ற பயமும் சேர்ந்துதான் வங்கியின் பேனாவைப் பிடித்து நிறுத்துகின்றன.

ஒருநாள் மாலையில் அந்தக் கணக்கில் பணம் போதவில்லை என்றால் வங்கி என்ன செய்யும்? அடுத்த வங்கியிடம் ஓரிரவுக்குக் கைமாற்று கேட்கும். அல்லது தன்னிடம் உள்ள அரசுப் பத்திரங்களை ரிசர்வ் வங்கியிடம் கொடுத்துப் பணம் வாங்கி, குறித்த நாளில் வட்டியோடு திருப்பிக் கொடுத்துப் பத்திரத்தை மீட்டுக்கொள்ளும். சாயந்திரம் நகையை அடகு வைத்துக் காலையில் மீட்பதைப் போன்ற இந்த ஏற்பாட்டுக்கான வட்டிதான் ரெப்போ. எல்லா வங்கிகளும் எப்போதும் ரெப்போவில் வாங்குவதில்லை. பணம் மிஞ்சிய வங்கி அதை ரிசர்வ் வங்கியிடமே போட்டு வைத்து, அதற்குக் கொஞ்சம் குறைந்த வட்டி பெறலாம். அவசரத்துக்கு வாங்குவோர் கொஞ்சம் கூடுதல் வட்டி கொடுக்க வேண்டும். 2022 ஏப்ரலுக்குப் பின் ரெப்போவுக்குக் கால் சதவீதம் கீழே ஒரு தரையும், கால் சதவீதம் மேலே ஒரு கூரையும் இருக்கின்றன. வங்கிகளுக்கு இடையிலான ஓரிரவுக் கைமாற்று வட்டி பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடமாடும். ரிசர்வ் வங்கி நேரடியாக விலை வைப்பது இந்த ஓரிரவுப் பணத்துக்குத்தான். எனக்குக் கொடுக்கும் ஏழாண்டுக் கடனின் வட்டியை அது நிர்ணயிப்பதில்லை. ஓரிரவுப் பணத்தின் விலை ஏழாண்டுப் பணத்தின் விலையை எப்படி, எவ்வளவு வேகத்தில் இழுக்கும் என்பது நடுவில் கட்டியிருக்கும் கயிற்றைப் பொறுத்தது. என் விஷயத்தில் அந்தக் கயிறு தளர்ந்து கிடந்தது.

பேஸ் ரேட் 2010 ஜூலையில் வந்த முறை. தன் செலவுகளை எல்லாம் கூட்டி வங்கியே ஓர் அடிப்படை வட்டியைக் கணக்கிடும். அதற்குக் கீழே கடன் கொடுக்கக் கூடாது. கணக்கிடுவது வங்கி என்பதால், ரெப்போ குறையும்போது அந்தக் கணக்கு குறைவதற்கு ஏதாவது ஒரு காரணத்தால் தாமதமாகும். 2016 ஏப்ரலில் வந்த எம்.சி.எல்.ஆர். முறை, வங்கி புதிதாகத் திரட்டும் பணத்தின் செலவை அடிப்படையாகக் கொண்டது; இது கொஞ்சம் வேகமானது. நான் கிளைக்குப் போன அதே அக்டோபரில்தான் ரிசர்வ் வங்கியின் ஆய்வுக்குழு ஒன்றின் அறிக்கை வெளியாகி, இந்த இரண்டு முறைகளிலும் வட்டிக் குறைப்பு கடன் வாங்கியவரிடம் சரியாகப் போய்ச் சேரவில்லை, வங்கிகளின் கணக்கீட்டில் குளறுபடிகள் இருக்கின்றன என்று சொன்னது. என் சந்தேகத்தை ரிசர்வ் வங்கியே எழுத்தில் ஒப்புக்கொண்டதைப் பார்த்தபோது ஏற்பட்ட திருப்திக்கு வட்டியில் ஒரு பைசாவும் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எழுதிக் கொடுத்தேன், ஒரு தொகையைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு 10.70 சதவீதத்துக்கு மாற்றினார்கள். நிலுவை அப்போது சுமார் 27 லட்சம் என்பதால் ஆண்டுக்கு 35,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆனால் அடுத்த பாடம் உடனே காத்திருந்தது. எம்.சி.எல்.ஆர். கடனில் வட்டி மாறும் தேதி என்று ஒன்று உண்டு. என்னுடையது ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பரில். 2019 பிப்ரவரி முதல் அக்டோபர் வரை ஐந்து முறை ரெப்போ குறைந்து 6.50 இலிருந்து 5.15 ஆனது. ஐந்து முறையும் நான் செய்தியைப் படித்துவிட்டு நவம்பருக்காகக் காத்திருந்தேன். நவம்பரில் என் கடன் கால் சதவீதம் இறங்கியது.

அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல், குறு மற்றும் சிறு தொழில்களுக்கான புதிய மிதக்கும் வட்டிக் கடன்களையும் வீட்டுக் கடன் போன்ற சில்லறைக் கடன்களையும் வெளிப்புற அளவுகோல் ஒன்றுடன் கட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. பெரும்பாலான வங்கிகள் ரெப்போவையே அளவுகோலாக எடுத்துக்கொண்டன. குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி மாற வேண்டும். ரெப்போவின் மேல் வங்கி சேர்க்கும் கூடுதல் சதவீதத்தையும் நினைத்தபோதெல்லாம் உயர்த்த முடியாது: நம் கடன் தரத்துக்காகச் சேர்க்கும் பகுதி, அந்தத் தரம் கணிசமாக மாறினால்தான் மாறலாம், செலவுகளுக்காகச் சேர்க்கும் பகுதியை மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் உயர்த்தலாம். இந்த முறை நான் கேட்காமல் இருக்கவில்லை. கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டேன். 2020 ஜனவரியில் காலக்கடனும், வரம்புக்குள் தேவைக்கு எடுத்துக் கட்டிக்கொள்ளும் சி.சி. (கேஷ் கிரெடிட்) கணக்கும் ரெப்போவுடன் 3.85 சேர்த்து 9 சதவீதத்துக்கு வந்தன.

என்னிடம் இப்போது கடன் பற்றிக் கேட்டு வரும் இளைஞர்களிடம், வட்டி எவ்வளவு என்று கேட்பதற்கு முன் அனுமதிக் கடிதத்தில் மூன்று இடங்களை விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன்: எந்த அளவுகோல், அதன் மேல் எவ்வளவு, மாறும் தேதி எது. கூடவே இன்னொன்று. எங்கள் பக்கத்தில் வட்டி என்றாலே மாதக் கணக்குதான். 'ரெண்டு பைசா வட்டி' என்றால் ரூபாய்க்கு மாதம் இரண்டு காசு, அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். வங்கிக்காரர் பன்னிரண்டு என்று சொன்னதும், 'பன்னெண்டா? பக்கத்து ஃபைனான்ஸ்ல ரெண்டுதானே' என்று எழுந்து வந்தவர்களை நான் அறிவேன். சிரிக்க வேண்டாம், படித்தவர்களும் அதில் இருந்தார்கள்.

பேரேட்டுப் பணத்துக்கும் நோட்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2016 நவம்பர் 8 செவ்வாய்க்கிழமை இரவு கற்றுக்கொடுக்கப்பட்டது. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் ஒரே இரவில் கையை விட்டுப் போனது. கணக்கில் இருந்த பணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் திருப்பூரில் சம்பளம் என்பது சனிக்கிழமை, கையில், நோட்டாக. என்னிடம் அப்போது பதினான்கு பேர் வேலை செய்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் நான்கு பேர், அவர்களில் யாருக்கும் இங்கே வங்கிக் கணக்கு இல்லை. வாரச் சம்பளம் 45,000 ரூபாய். சேமிப்புக் கணக்கிலிருந்து வாரத்துக்கு 20,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். அடுத்த திங்கட்கிழமை நடப்புக் கணக்குக்கு வாரம் 50,000 என்று தளர்த்தினார்கள்; நான் ஓட்டுவதோ சி.சி. கணக்கு, அதற்கு அந்தச் சலுகை 21ஆம் தேதிதான் வந்தது. இரண்டு சனிக்கிழமைகள் கடந்துவிட்டன.

முதல் சனிக்கிழமை, வரிசையில் நின்று எடுத்த 20,000 ரூபாயை ஆளுக்குப் பாதிக்கும் குறைவாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மீதியில் ஒரு பகுதிக்கு முக்கு மளிகைக்கடைக்காரரிடம் பேசி, ஒவ்வொருவர் பெயருக்கும் 500 ரூபாய்க்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் சீட்டைப் பார்த்து அரிசியும் எண்ணெயும் கொடுத்தார். இரண்டாவது வாரம் அதே சீட்டைப் பால்காரரும் வாங்கிக்கொண்டார் என்று தெரிந்தபோதுதான் அப்பாருவின் மண்டிக் கதை எனக்கு முழுதாகப் புரிந்தது. அந்த இரண்டு வாரமும் பல்லடம் ரோட்டில் நானே ஒரு சின்ன வங்கியாக இருந்திருக்கிறேன். ஒடிசாக்காரர்களுக்குச் சீட்டு உதவவில்லை. அவர்கள் ஊருக்கு அனுப்ப வேண்டியது பணம். அவர்களில் இருவர் கிளம்பிப் போனவர்கள் திரும்பி வரவில்லை. டிசம்பருக்குள் மற்ற எல்லோருக்கும் கணக்கு தொடங்கிச் சம்பளத்தை வங்கி வழியாக மாற்றினேன். முன்பே செய்திருக்க வேண்டியது.

நோட்டு என்பது ரிசர்வ் வங்கியின் கடன் சீட்டு என்பதை அப்போது கவனித்தேன். ஆளுநர் கையெழுத்தோடு 'தருவதாக உறுதியளிக்கிறேன்' என்று அதில் அச்சிட்டிருப்பது அலங்காரத்துக்கு அன்று. ரிசர்வ் வங்கியின் இருப்புநிலைக் குறிப்பில் புழக்கத்தில் உள்ள நோட்டுகள் எல்லாம் பொறுப்புகள் பக்கத்தில்தான் நிற்கின்றன. ஒரு ரூபாய் நோட்டு மட்டும் மத்திய அரசினுடையது, அதில் நிதித்துறைச் செயலாளர் கையெழுத்து இருக்கும். எங்கள் நொய்யல் கரையில் வெள்ளலூரில் புதையலாகக் கிடைத்த ரோமானியக் காசுகளை வாங்கிய வணிகனுக்கு ரோமைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வெள்ளியை எடை போட்டால் போதும். நம் நோட்டுக்கு அப்படி எடை கிடையாது. 1957 முதல் இருக்கும் விதிப்படி, நோட்டு வெளியிட ரிசர்வ் வங்கி குறைந்தபட்சமாக வைத்திருக்க வேண்டிய தங்கமும் அந்நியப் பத்திரங்களும் 200 கோடி ரூபாய். அதில் தங்கம் 115 கோடி. இன்று புழக்கத்தில் இருப்பதோ 35 லட்சம் கோடிக்கு மேல். மீதிக்கு அரசுப் பத்திரங்களும் வெளிநாட்டுச் சொத்துகளும் ஈடாக நிற்கின்றன. செல்லாததாக்கப்பட்ட 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி வங்கிகளுக்கே திரும்பி வந்துவிட்டது என்று பின்னர் ரிசர்வ் வங்கி கணக்குக் கொடுத்தது. அந்தக் கணக்கைப் படித்தபோது எனக்கு அந்த இரண்டு ஒடிசாக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

கொரோனா காலத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2020 மார்ச்சிலும் மே மாதத்திலும் ரெப்போ 4 சதவீதத்துக்கு இறங்கியது. கயிறு இறுக்கமாகக் கட்டியிருந்ததால் என் கடன் 7.85க்கு வந்தது. தவணைகளை ஆகஸ்ட் 31 வரை ஒத்திவைக்கலாம் என்றார்கள். எங்கள் பக்கத்தில் பலர் அதைத் தள்ளுபடி என்றே எடுத்துக்கொண்டார்கள். தள்ளிப்போனது தவணை மட்டும்; வட்டி ஒருநாளும் நிற்கவில்லை. அந்த ஆறு மாதத்துக்கு வட்டிக்கு வட்டியை மட்டும் அரசு பின்னர் திருப்பித் தந்தது. என் இரு கணக்குகளிலும் சேர்த்து 40 லட்சம் நிலுவை. பிப்ரவரி கடைசியில் இருந்த 9 சதவீதத்தில் ஆறு மாதத் தனிவட்டி 1,80,000 ரூபாய், மாதந்தோறும் கூட்டினால் 1,83,409 ரூபாய். வரவு வந்தது 3,409 ரூபாய். அரசு உத்தரவாதத்துடன் கொடுத்த அவசரக் கடனை நான் வாங்கிக்கொண்டேன், வாங்கியதற்கு வருத்தப்படவில்லை.

வருத்தப்பட வேண்டிய காரியத்தை அடுத்த ஆண்டுதான் செய்தேன். 7.85 சதவீதத்தில் சி.சி. கணக்கு கிடைத்தபோது அதைப் பணமாகவே நான் பார்க்கவில்லை. 2021 முழுவதும் நூல் விலை ஏறிக்கொண்டே இருந்தது. இன்று வாங்கி வைத்தால் அடுத்த மாதம் லாபம், வட்டியோ மிகக் குறைவு, எனவே வாங்கினேன். பஞ்சு விலை 2022 மே மாதத்தில் கண்டிக்கு (சுமார் 356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது என் குடோனில் நான்கு டன் நூல் இருந்தது. நான் மட்டுமல்லாமல், எனக்குத் தெரிந்த பாதிப் பேர் அதையே செய்துகொண்டிருந்தார்கள். விலைவாசி உயர்வு என்று செய்தியில் வருவதற்குள் என் கையும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்த மே 4ஆம் தேதி, வழக்கமான கூட்டத் தேதிக்குக் காத்திராமல் ரெப்போவை 0.40 உயர்த்தினார்கள். 2023 பிப்ரவரிக்குள் 6.50 ஆனது. பத்து மாதத்துக்குள் இரண்டரை சதவீதம். என் கடன் 7.85 இலிருந்து 10.35க்கு வந்தது, சராசரியாக 40 லட்சம் பயன்படுத்தும் சி.சி. கணக்கில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் கூடுதல் வட்டி. நூலை வைத்திருந்தால் வட்டி தின்கிறது, விற்றால் விலை இறங்குகிறது. கடைசியில் கிலோவுக்கு 60 ரூபாய் நட்டத்தில் நான்கு டன்னையும் தள்ளினேன். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். என்னைப் போன்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நூலை வெளியே தள்ளியதும் விலை இறங்கியதற்கு ஒரு காரணம். வட்டியை உயர்த்தினால் விலை எப்படி இறங்கும் என்று யாராவது கேட்டால், என் குடோனைத்தான் உதாரணமாகக் காட்டுவேன்.

ஆனாலும் எல்லா விலைக்கும் இது பொருந்தும் என்று நான் நம்பவில்லை. 2016இல் திருத்தப்பட்ட சட்டப்படி, ஆறு பேர் கொண்ட பணக்கொள்கைக் குழு சில்லறைப் பணவீக்கத்தை 4 சதவீதத்தில், இரண்டு சதவீதம் கூடவோ குறையவோ, வைத்திருக்க வேண்டும். அப்போது 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டிருந்த அந்தப் பணவீக்கக் கணக்கில் உணவுப் பொருள்களும் பானங்களும் ஏறக்குறைய 46 சதவீதமாக இருந்தன. பொங்கலூர்ப் பக்கம் மழை அடித்துச் சின்ன வெங்காயம் காட்டிலேயே அழுகினால், ரெப்போவை எவ்வளவு உயர்த்தினாலும் ஒரு பட்டறை வெங்காயம் கூடுதலாக விளையாது. அப்போதும் வட்டியை இறக்கத் தயங்குவதற்கு அவர்கள் சொல்லும் காரணம், விலை ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்று எல்லோரும் நம்பத் தொடங்கினால் கூலியும் வாடகையும் அதற்கேற்ப ஏறிவிடும் என்பது. அதில் உண்மை இருக்கிறது. அதற்கான விலையைப் பனியன் கம்பெனிக்காரன் கொடுக்கிறான் என்பதிலும் உண்மை இருக்கிறது.

அதே காலத்தில் கோபியில் இருக்கும் என் மச்சான் கூப்பிட்டார். வட்டி மலிவாக இருந்த நேரத்தில் 25 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், இருபது ஆண்டுக்கு, 7 சதவீதத்தில் வாங்கியிருந்தார். மாதத் தவணை 19,382 ரூபாய். "வட்டி ஏறுதுன்னு எல்லாரும் பயப்படறாங்க மாப்ள, எனக்குத் தவணை ஒரு ரூபா கூடலயே" என்றார். அவருடைய கணக்கு அறிக்கையை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். ஓராண்டு கட்டிய பின் நிலுவை சுமார் 24.40 லட்சம். 9.5 சதவீதத்தில் அதற்கு ஒரு மாத வட்டி மட்டும் 19,320 ரூபாய். அவர் கட்டும் 19,382 ரூபாயில் அசலுக்குப் போவது அறுபத்திரண்டு ரூபாய். வங்கி தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிக்கொண்டே போயிருந்தது. தவணையை உயர்த்தவும், மாட்டுப்பால் பணத்தில் கொஞ்சத்தை அசலில் கட்டவும் சொன்னேன். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே, இப்படி வட்டி மாறும்போது அதைக் கடன்காரருக்குத் தெரிவித்து, தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் சேர்த்துச் செய்வதா என்று அவரையே தேர்ந்தெடுக்க விட வேண்டும் என்று வங்கிகளுக்குச் சொன்னது. மச்சானுக்கு வந்த குறுஞ்செய்தியை அவர் விளம்பரம் என்று நினைத்து அழித்திருந்தார்.

டாலரைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் டாலர் ஏறினால் திருப்பூருக்குக் கொண்டாட்டம் என்று வெளியூரில் நினைக்கிறார்கள். அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் வட்டியை உயர்த்தத் தொடங்கியதும், அங்கே கூடுதல் வட்டி கிடைப்பதால் பணம் அந்தப் பக்கம் போனது. 75 ரூபாய் அளவில் இருந்த டாலர் அக்டோபரில் 82ஐத் தாண்டியது. சரிவின் வேகத்தைக் குறைக்க ரிசர்வ் வங்கி தன் கையிருப்பிலிருந்து டாலரை விற்றது. டாலரை விற்கும்போது அதற்கு ஈடான ரூபாயை அது வங்கிகளிடமிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. கடன் கேட்டால் மேலாளர் முகம் சுருங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். எனக்குத் துணி ஆர்டர் கொடுக்கும் ஏற்றுமதியாளர் ஒருவர், டாலர் இன்னும் ஏறும் என்று முன்கூட்டியே விலை பேசி வைக்காமல் காத்திருந்தார். ஏறியதும் வெளிநாட்டு வாங்குநர் அதே கணக்கைப் போட்டு விலையைக் குறைக்கச் சொன்னார். எனக்கு வர வேண்டிய கூலி நாற்பத்தைந்து நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குத் தள்ளிப்போனது.

2025 பிப்ரவரியில் ரெப்போ மறுபடியும் இறங்கத் தொடங்கி, ஜூன் 6ஆம் தேதி 5.50 ஆனது. ஜூலைத் தொடக்கத்தில், மாறும் தேதியில், என் சி.சி. கணக்கு 9.35 சதவீதம் என்று காட்டியது. நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் மிதக்கும் வட்டிக் கடன்களைச் சிறுதொழில் செய்பவர் முன்கூட்டியே அடைத்தால் வணிக வங்கிகள் அபராதக் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் உத்தரவு வந்திருக்கிறது. வேறு வங்கிக்கு மாறிப் போவேன் என்று இனி நாம் சொன்னால் அதற்கு மதிப்பு இருக்கும். என் புதுப்பித்தல் தேதியை நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதமானது. செப்டம்பரில் என் ஆறு இயந்திரங்களில் இரண்டைப் படுதா போட்டு மூடினேன். சி.சி. கணக்கில் 50 லட்சம் வரை எடுக்கலாம். 18 லட்சம்தான் எடுத்திருக்கிறேன், ஏனென்றால் நூல் வாங்கி ஓட்ட ஆர்டர் இல்லை. கிளையிலிருந்து ஒரு புதிய அலுவலர் கூப்பிட்டு, "வட்டி நல்லா கொறஞ்சிருக்குதுங்க, லிமிட்டை முழுசா யூஸ் பண்ணலாமுங்களே" என்றார். "ஆர்டர் இருந்தா சொல்லுங்க சார், நாளைக்கே எடுத்துக்கறேன்" என்றேன்.